ஏரிக்கரையில் கை நனைத்த நாள்

நம்முடைய அப்பா அம்மாக்கள் காரணமில்லாமல் எங்கும் போனதில்லை என்பது என் வயதுக்காரர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கலியாணம், செத்தவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள், விசா. இந்த ஐந்தில் ஒன்று இல்லாமல் எங்கள் வீட்டில் ஒருவரும் சப்பாத்து மாட்டியது கிடையாது. விடுமுறை முடிந்து வருகிற ஜெர்மன் பிள்ளைகள் மலைக்குப் போனோம், கடலுக்குப் போனோம் என்று வகுப்பில் சொல்லும்போது, நான் டோர்ட்முண்டில் ஏதோ ஒரு அக்கா பெரியபிள்ளையானதற்கு நடந்த சாமத்தியவீட்டைப் பற்றிச் சொல்வேன். அதைப் புரிந்துகொள்ள ஆசிரியை ஒவ்வொரு முறையும் மெத்தப் பாடுபடுவார். நீங்களும் அப்படி எதையாவது சொல்லி முழித்தவர்களாகத்தான் இருப்பீர்கள்.

ஆகவே எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்தக் கோடை விடுமுறையில், "வாற ஞாயிறு எல்லாரும் ஏரி பாக்கப் போறம்" என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. குளியல் தொட்டியில் கொஞ்சம் கூடத் தண்ணீர் விட்டாலே கத்துகிற அம்மாவுக்கு ஏரியில் என்ன அலுவல்? அதுவும் நாங்கள் இருந்த வுப்பர்டாலிலிருந்து மூன்று மணித்தியால ஓட்டம். வடக்கே எங்கோ ஒரு பெரிய ஏரி, அதன் கரையில் பழைய காலத்துக் கிராமம் ஒன்றை அப்படியே வைத்துக் காப்பாற்றி மியூசியமாக்கியிருக்கிறார்களாம். "படிக்கிற பிள்ளையளுக்கு நல்லது" என்று அப்பா வேறு சேர்த்துச் சொன்னார். அதோடு எனக்கு உறுதியாகிவிட்டது, இதில் ஏதோ இருக்கிறது என்று.

அந்த ஏதோ, சித்தி.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கச்சி. அதற்கு முந்தின பனிக்காலத்தில்தான் வந்து சேர்ந்தாள். இருபத்துநாலு வயது. என்னுடனும் தங்கச்சியுடனும் ஒரே அறையில் படுத்ததால் எனக்கு அவள் ஒரு அக்கா மாதிரித்தான். பவுடர் வாசமும் வேப்பெண்ணெய் வாசமும் சேர்ந்து அவள் தலையணையில் இருக்கும். கடைகள் தபால்பெட்டியில் போடுகிற விளம்பரத் தாள்களை வைத்து ஜெர்மன் படித்தாள். அதனால் அவளுடைய முதல் ஐம்பது ஜெர்மன் சொற்களும் மரக்கறியும் மலிவு விற்பனையும்தான். பக்கத்து வீட்டு மனுசி "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால், "புத்தம் புதிது, இந்தக் கிழமை மட்டும்" என்று பதில் சொல்லிவிட்டு, தானே முதல் ஆளாகச் சிரிப்பாள்.

அந்த வசந்தத்தில் சித்திக்கு மாப்பிள்ளைப் படங்கள் தபாலில் வந்தபடி இருந்தன. அம்மா அவற்றை ஒரு நீல பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தார். அந்த டின் பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் டின்னைத் திறந்து, ஒருவர் உயரம் காணாது, இன்னொருவரின் தாய் வாய்க்காரி, மற்றவருக்கு விசாப் பேப்பர் சரியில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். சித்தி பக்கத்தில் இருந்து உடுப்பு மடிப்பாள். ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் அவள் மடித்த துவாயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"போட்டோவில எல்லாரும் ஒரே மாதிரித்தான் நிக்கினம் அக்கா. செத்தவீட்டுக்கு வந்தாக்கள் மாதிரி. இனி வாற ஆளை நான் நேர பாத்து, பத்து நிமிஷம் கதைச்சுப் போட்டுத்தான் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவன். ஏலாதெண்டா விடுங்கோ, நான் இப்பிடியே இருக்கிறன்."

எங்கள் வீட்டில் குண்டு விழுந்த மாதிரி இருந்தது. அம்மா இரண்டு நாள் அவளுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், ஏனென்றால் கடை மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார்.

கடை மாமா எங்களுக்கு உறவு கிடையாது. எங்கள் தெருமுனையில் தமிழ்க் கடை வைத்திருந்தவர். அரிசியும் கருவேப்பிலையும் அவருடைய தொழில், கலியாணம் பேசுவது பொழுதுபோக்கு. "தங்கமான பெடியன். மியூசியத்தில உத்தியோகம். பேப்பர் எல்லாம் சரி" என்றார். உத்தியோகம் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்பா அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை கதிரையில் இருந்து செய்கிற வேலைதான் உத்தியோகம். கண்ணாடி அலுமாரிகளுக்கு நடுவே கழுத்துப்பட்டி கட்டி, சாவிக்கொத்தோடு இருக்கிற ஒரு மாப்பிள்ளையை இரண்டு பேரும் அன்றிரவே கற்பனை பண்ணி முடித்துவிட்டார்கள்.

ஊரில் என்றால் பெண் பார்க்கிறது கோயிலில் நடக்கும். தற்செயலாகச் சந்தித்த மாதிரி இரண்டு பகுதியும் நடிப்பார்கள். எங்களுக்கு அந்த நாட்களில் கிட்டடியில் கோயில் கிடையாது. அதனால் மாப்பிள்ளை வேலை செய்கிற ஏரிக்கரை மியூசியத்திலேயே தற்செயலாகச் சந்திப்பது என்று ஏற்பாடாயிற்று.

சனிக்கிழமை முழுக்க அம்மா சமைத்தார். புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், ரோல்ஸ், கட்லட். ஆறு பேருக்கு ஏன் இவ்வளவு என்று நான் கேட்டேன்.

"அங்க அவையின்ர கையால ஒண்டும் வாங்கிச் சாப்பிடக்கூடாது" என்றார் அம்மா. "முடிவு சொல்லுமட்டும் கை நனைக்கிறதில்லை. கை நனைச்சா அது ஓம் எண்ட மாதிரி. விளங்குதோ? பேந்து இல்லையெண்டு சொல்ல ஏலாது."

"சொக்கிலேட் தந்தா?" என்று தங்கச்சி கேட்டாள். அவளுக்கு ஆறு வயது.

"சொக்கிலேட்டும் சாப்பாடுதான்."

"தண்ணி?"

"தண்ணியும்தான். வாயை மூடு."

கடை மாமா சாமான் ஏற்றுகிற வெள்ளை வானில்தான் போனோம். முன்னால் மாமாவும் அப்பாவும். அவர்களுக்கு நடுவில் அம்மா, மடியில் கறிச்சட்டி. பின்னால் இருக்கை இல்லை. அரிசி மூட்டை ஏற்றுகிற இடத்தில் பாய் விரித்து நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். இன்றைக்கு அப்படிப் போனால் பொலிஸ் ஆறு பேரையும் இறக்கி வைத்துக் கணக்குக் கேட்கும். வானுக்குள் கருவாடு, பழுத்த கதலி, கருவேப்பிலை எல்லாம் கலந்த ஒரு வாசம். அந்த வாசம் உங்களுக்கும் தெரியும், நம்முடைய சனிக்கிழமைகளின் வாசம் அது. சித்தி மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். அது கசங்கக்கூடாது என்று மூன்று மணித்தியாலமும் முழங்காலில் நின்றபடி வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் எங்கள் மேல் விழுவாள், மூன்று பேரும் உருண்டு சிரிப்போம். "உதென்ன கூத்து?" என்று அம்மா திரும்பாமலே கத்துவார்.

ஏரியைப் பார்த்ததும் தங்கச்சி "கடல்!" என்றாள். மறுகரை தெரியவில்லை. கரை முழுக்க நாணல், ஆளுயரம். அதே நாணலால் கூரை வேய்ந்த வீடுகள், கூரை கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. தார் பூசிய கறுப்பு வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. எங்கோ விறகு புகைந்தது. வெயிலில் தாரும் புகையும் நாணலும் சேர்ந்து வந்த வாசத்தை நான் ஆழமாக இழுத்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அப்பா காமெராவைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் எல்லா வாசலிலும் நிறுத்தி முப்பத்தாறு படம் எடுத்தார். ஃபிலிம் சரியாக மாட்டப்படவில்லை என்பது கடையில் கழுவக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அந்த நாளுக்கு ஒரு படம்கூட இல்லை. ஆகவே நீங்கள் என் சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

மியூசியத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பழைய காலத்து உடுப்புத்தான் போட்டிருந்தார்கள். அந்த விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வீட்டில் ஒரு வயதான ஜெர்மன் மனுசி ஒட்டுப்போட்ட பாவாடையோடு, கரி பிடித்த அடுப்பில் பாண் சுட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் நின்று பார்த்தார். உள்ளே இருட்டு, மண் தரை, வைக்கோல் மெத்தை.

"இந்த நாட்டிலயும் இப்பிடிக் கஷ்டப்பட்ட சனம் இருக்கு, பாத்தியே" என்று சித்தியிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு பையைத் திறந்து இரண்டு ரோல்ஸை எடுத்து, அந்த மனுசியின் கையைப் பிடித்து அதற்குள் வைத்தார். மனுசி சந்தோஷமாகக் கடித்தார். கண் இரண்டும் கலங்கிவிட்டன. அது அம்மா போட்ட மிளகாய். அம்மாவோ அதை வறுமை என்று எடுத்துக்கொண்டு மூன்றாவது ரோல்ஸையும் கொடுத்தார்.

மாப்பிள்ளை வந்தபோது அம்மா அவருக்குப் பின்னால்தான் பார்த்தார், கழுத்துப்பட்டி கட்டினவர் வருகிறாரா என்று. முன்னால் நின்றவர் முரட்டுத் துணிச் சட்டையும், முழங்கால் வரை மடித்த காற்சட்டையும், மரச் சப்பாத்தும், வைக்கோல் தொப்பியும் போட்டிருந்தார். தொப்பிக்குக் கீழே எங்கள் ஊர் முகம் ஒன்று வெட்கத்தோடு சிரித்தது.

"அட! நீரும் இஞ்சையோ!" என்று கடை மாமா துள்ளினார். அவரைப் போல மோசமாக நடிக்கிற ஆளை நான் பிறகு கண்டதில்லை.

"இஞ்சதானே அண்ணை வேலை செய்யிறன்" என்றார் மாப்பிள்ளை.

"என்ன தம்பி, உடுப்பு..." என்று அம்மா இழுத்தார்.

"இது யூனிஃபோம் அக்கா. எல்லாருக்கும் இதுதான்."

யூனிஃபோம் என்றதும் அம்மாவுக்கு மூச்சு வந்தது. அப்பா அவரோடு நடந்தபடி பேசினார். வள்ளம் திருத்துவது, தார் பூசுவது, வருகிற சனத்துக்கு எல்லாம் காட்டி விளக்குவது என்று மாப்பிள்ளை தன் வேலையைச் சொன்னார். அப்பா மரச் சப்பாத்தைக் கேட்டு வாங்கிப் போட்டு, பத்தடி நடந்து, நாணலுக்குள் விழுந்து எழும்பினார். வீட்டில் எப்போதும் களைத்துப்போய் இருக்கிற அப்பா அப்படிச் சிரித்ததை நான் முதல் தரம் பார்த்தேன். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

புல்லில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். வழக்கப்படி மாப்பிள்ளையும் எங்கள் சாப்பாட்டைத் தொடவில்லை, வேலை இருக்கு என்று மரியாதையாக விலகிக்கொண்டார். திரும்பி வந்தபோது சித்தியின் பத்து நிமிடத்துக்கு வள்ளம் தயாராக இருந்தது. தட்டையான அடி உள்ள மர வள்ளம், நீண்ட கம்பால் ஊன்றிப் போவது. காவலுக்கு நானும் தங்கச்சியும். "நடுவில இருங்கோ" என்று அம்மா காதுக்குள் சொல்லி அனுப்பினார். நாங்கள் நடுவில் இருந்தோம். சித்தி முன்னால் இருந்தாள், அவர் பின்னால் நின்று கம்பை ஊன்றினார். பேச்செல்லாம் எங்கள் தலைக்கு மேலால் போய் வந்தது.

"பத்து நிமிஷம்தான் தந்திருக்கினம். கெதியாக் கேக்கிறன்" என்றாள் சித்தி. "சமைப்பியளோ?"

"மீன் நல்லாச் சமைப்பன். சோறு சிலவேளை குழையும்."

"குடிப்பியளோ?"

"பியர். நல்லநாள் பெருநாளெண்டா."

"கோவம் வருமோ?"

"வலை சிக்குப்பட்டா வரும்."

சித்தி சிரித்தாள். நாணலுக்குள்ளிருந்து ஒரு நாரை எழும்பிப் போனது. தங்கச்சி தண்ணீரில் கையை விட்டு அளைந்தாள்.

"இனி நான் ஒண்டு கேக்கலாமோ?" என்றார் அவர். "கடைக்கார அண்ணை என்னைப் பற்றி எல்லாம் சொன்னவரோ?"

"மியூசியத்தில உத்தியோகம் எண்டு சொன்னவர்."

"வேறை?"

"வேறை என்ன இருக்கு?"

அவர் கம்பை ஊன்றுவதை நிறுத்தினார். வள்ளம் தானாக மெல்லப் போனது. "நாங்கள் கடற்கரைப் பக்கம். அப்பா, அப்பப்பா எல்லாரும் கடல் தொழிலுக்குப் போனவை. எனக்கு வலை பொத்தத் தெரியுமெண்டுதான் இஞ்ச வேலையும் தந்தவை. உங்கட அக்கா அத்தானுக்கு அது தெரியாதெண்டா நான் சொல்லத்தான் வேணும். மறைச்சுப் போட்டு இருக்க எனக்கு ஏலாது."

சித்தி தண்ணீரையே பார்த்தாள். பிறகு, "அப்ப உங்களுக்கு நீந்தத் தெரியும்" என்றாள்.

"ஓம்."

"எனக்குத் தெரியாது. இந்த வள்ளம் பிரண்டா?"

"பிரளாது."

"பிரண்டா எண்டு கேக்கிறன்."

அவர் தங்கச்சியையும் என்னையும் பார்த்தார். "பிரண்டா முதல் இந்தப் பிள்ளையள் ரெண்டையும் தூக்குவன். பேந்து உங்களை."

சித்தி திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தரம். "சரி" என்றாள். "அக்காட்ட நீங்களே சொல்லுங்கோ."

எனக்கு அந்தப் பேச்சு முழுக்க நீச்சல் பற்றியது என்றுதான் விளங்கியது. வள்ளத்தை விட்டு இறங்கியதும் அம்மா என்னைத் தனியே இழுத்து, "என்ன கதைச்சவை?" என்று கேட்டார். "வள்ளம் பிரண்டா எங்களைத் தூக்குவாராம்" என்றேன். அம்மா திருப்தியோடு தலையாட்டினார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வலை எறிந்து காட்டுகிற நிகழ்ச்சி. சனம் இறங்குதுறையைச் சுற்றி நின்றது. முதலில் ஒரு ஜெர்மன்காரர் அந்த ஏரியின் பழைய வலைகளையும் பொறிகளையும் காட்டினார். பிறகு மியூசியத்துப் பொறுப்பாளர் அம்மணி எங்கள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, இவர் தன்னுடைய நாட்டு முறையைக் காட்டுவார் என்று அறிவித்தார். அவர் தானே பின்னிய வீச்சு வலையைத் தோளில் போட்டு, ஒரு விளிம்பைப் பல்லில் கடித்து, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். வலை வானத்தில் வட்டமாக விரிந்து, ஓசையே இல்லாமல் தண்ணீரில் அமர்ந்தது. இவ்வளவு வடிவான ஒன்றை ஒரு மனிதர் தன் கையால் செய்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சனம் கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது அப்பாதான்.

அவர் வலையை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்ததும் அம்மா ஆசையோடு கேட்டார், "தம்பி, உது எங்க பழகினது?"

கடை மாமா முந்திக்கொண்டார். "இஞ்சதான், இஞ்சதான்! ஜெர்மன்காரன் எல்லாத்துக்கும் அவுஸ்பில்டுங் எண்டு ஒரு தொழிற்படிப்பு வைப்பான். மூண்டு வருசம் படிச்சாத்தான் வலையைத் தொட விடுவான்."

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார்.

"இல்லை அக்கா. எங்கட அப்பாட்டப் பழகினது. எனக்கு ஏழு வயசில. நாங்கள் கடற்கரைப் பக்கம். அண்ணை சொல்லேல்லையோ?"

"கடற்கரைப் பக்கம்" என்று அம்மா மெல்லத் திருப்பிச் சொன்னார். கைதட்டிய அப்பாவின் கைகள் அப்படியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கடை மாமா ஏரியில் போன வாத்துகளை அக்கறையோடு பார்த்தார்.

சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். பக்கம் என்பார்கள், அவையள் என்பார்கள், சரிவராது என்பார்கள். சொல்லை உச்சரிக்காமலே எல்லாம் நடந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியவர்களின் முகத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமை சட்டென்று போய்விட்டது என்பதுதான்.

ஒரு மரத்துக்குக் கீழே கூடி நின்றார்கள்.

"ஊர் கேட்டனான்தானே அண்ணை?" என்றார் அப்பா.

"சொன்னனான்தானே."

"பக்கம் சொல்லேல்லையே."

"பக்கம் நீங்கள் கேக்கேல்லையே" என்றார் கடை மாமா. "ஜெர்மனியில வந்து என்ன பக்கம்? இவங்களின்ர கிழக்கும் மேற்குமே ஒண்டாப் போச்சு."

"கதையை விடுங்கோ" என்று அம்மா பாயைச் சுருட்டத் தொடங்கினார். "சாமானை எடுங்கோ. வெளிக்கிடுவம்."

இப்போது எனக்கு அன்றைய அப்பாவைவிட ஐந்து வயது கூட. அதனால் துணிந்து சொல்கிறேன், அந்த மரத்துக்குக் கீழே நின்றவர்கள் பெரிய பிழை விட்டார்கள். அப்பாவின் கை விரல்கள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி எப்போதும் வெடித்திருக்கும். ஊருக்குப் போகிற கடிதங்களில் "ஹோட்டலில் வேலை" என்று மட்டும் எழுதுவார். இந்த நாட்டில் நாங்கள் எல்லாரும் யாரோ ஒருவரின் எச்சில் கோப்பையைக் கழுவித்தான் நிமிர்ந்தோம். அப்படியிருக்க, தன் தகப்பனிடம் ஒரு வித்தை பழகியதை மறைக்காமல் சொன்ன மனிதரைப் பார்த்து முகத்தைத் திருப்பியதை நினைக்க எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவர்கள் மேல் கோபமும் வருகிறது. அவர்கள் என் அப்பா அம்மா என்பதால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை.

சாமான் பாதி கட்டியிருந்தபோது மாப்பிள்ளை ஒரு மரப் பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அதில் புகையில் வாட்டிய ஏரி மீன்கள், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தவை. தோல் பொன்னிறத்தில் மினுங்கியது. கூடவே பாணும் வெட்டி வைத்திருந்தார்.

"போகேக்க கொஞ்சம் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நோய் வருத்தம் வந்துவிட்டது.

"எனக்கு வயிறு சரியில்லைத் தம்பி" என்றார் அப்பா.

"நான் விரதம்" என்றார் அம்மா. இரண்டு மணித்தியாலத்துக்கு முன் அதே புல்லில் இருந்து ஆட்டெலும்பு சூப்பியவர்.

"டொக்டர் மீன் கூடாதெண்டவர்" என்றார் அம்மாவுக்குப் பயந்த கடை மாமா.

"நானும் விரதம்" என்றாள் தங்கச்சி.

எனக்கு வாய் ஊறியது. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை பலகையை ஏந்தியபடியே நின்றார். மீனிலிருந்து எழும்பிய சூடு அவர் முகத்தில் பட்டது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பிப் போகவும் ஏலாமல், நிற்கவும் ஏலாமல் நின்ற அந்த நிலையை எப்படியாவது மாற்றவேண்டும் என்று எனக்கு அழுகை வந்தது.

"கை கழுவ எங்க?" என்று ஒரு குரல் கேட்டது. சித்தி.

அவர் கண்ணால் காட்டினார். சித்தி நடந்துபோய்க் கைப்பம்பியை அடித்தாள். இரண்டு கையையும் முழங்கை வரை ஆறுதலாக நனைத்துக் கழுவினாள். திரும்பி வந்து, அம்மா சுருட்டிய பாயை எடுத்து உதறி விரித்து, மாம்பழ நிறச் சேலை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் சப்பாணி கட்டி இருந்தாள்.

"தாங்கோ" என்றாள்.

"பிள்ளை!" என்றார் அம்மா. அந்த ஒரு சொல்தான்.

"நான் பத்து நிமிஷம் கதைச்சிட்டன் அக்கா."

அவர் பலகையை அவள் முன்னால் வைத்தார். சித்தி ஒரு மீனைப் பிரித்து, முள்ளை எடுத்து, பாணில் வைத்து வாயில் போட்டாள். அவசரமே இல்லாமல் மென்றாள். நாங்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் வீட்டுச் சட்டம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். கை நனைந்துவிட்டது. இனி இல்லையென்று சொல்ல ஏலாது.

"நல்லாயிருக்கு" என்றாள் அவரைப் பார்த்து. "இன்னொரு துண்டு தாங்கோ."

அவர் அவசரத்தில் மிச்சப் பாணை வெட்டப் போய் கத்தியைக் கீழே போட்டார். அந்தக் குழப்பத்தில் நானும் கை நீட்டி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். அம்மா என் கையில் ஓங்கி அடித்தார், ஆனால் அடி விழும்போது கை காலி. புகையும் உப்பும் கொழுப்பும் நாக்கில் கரைந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் புகை மீன் தின்றிருக்கிறேன், அதன் கிட்டவும் வராது.

எல்லாரும் கடை மாமா மேல் கடுங்கோபத்தில் இருந்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போக அவருடைய வானை விட்டால் வேறு வழியில்லை. அதனால் அவரோடு பேசாமலே அவருடைய வானில் ஏறினோம். அவுட்டோபான் நெடுஞ்சாலை வரும்வரை அம்மா மட்டும் முன்னால் பார்த்தபடி பேசிக்கொண்டு வந்தார். ஊரில் இருக்கிற அம்மம்மா இனிக் கடிதம் போடமாட்டா, பெரியண்ணை முகத்தில் முழிக்கமாட்டார், டோர்ட்முண்ட் சனம் நாலு வருசத்துக்கு இதைத்தான் கதைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் ஒன்றும் பொய்யில்லை. சித்தி அரிசி மூட்டை இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து, "ஓம் அக்கா", "தெரியும் அக்கா" என்று மட்டும் சொன்னாள். ஒரு இடத்தில் அம்மாவின் குரல் உடைந்து நின்றுபோனது. சித்தி கையை நீட்டி அம்மாவின் தோளில் வைத்தாள். அம்மா அதைத் தட்டிவிடவில்லை.

பிறகு ஒரு மணித்தியால ஓட்டம். இரண்டு பக்கமும் சோள வயல்கள் மாலை வெயிலில் ஓடின. தங்கச்சி நித்திரை. சித்தியின் விரலில் இன்னும் புகை வாசம். அவள் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணப்பதை நான் களவாகப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

முன் இருக்கையில் அப்பா தொண்டையைச் செருமினார். திரும்பவில்லை, றோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிள்ளை, அந்த மீனில உப்புச் சரியோ?"

 கடை மாமா வேகத்தைக் குறைத்தார்.

"கொஞ்சம் கூட அத்தான்" என்றாள் சித்தி.



"அடுத்த முறை அளவாப் போடச் சொல்லு" என்றார் அப்பா. "எனக்குப் பிறஷர் இருக்கு."